கிளையண்ட் சர்வரில் நம் அலியாஸ் எதுவும் இல்லை: வெறும் பாஷில் வேகமாக வேலை செய்ய என்ன பழக்கம் வைத்திருக்கிறீர்கள்?

ஓஎம்ஆர்_பயணி:

வணக்கம். சோழிங்கநல்லூரில் பேக்எண்ட் வேலை. சொந்த லேப்டாப்பில் உபுண்டு, அதில் என் பாஷ்ஆர்சி கோப்பு (கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு) முழுக்க அலியாஸ்தான், அதாவது நீளமான கட்டளைகளுக்கு வைத்த சுருக்கப் பெயர்கள். ஜிஎஸ் என்று அடித்தால் கிட் ஸ்டேட்டஸ், லாக் பார்க்க ஒன்று, டேட்டாபேஸுக்குள் நுழைய ஒன்று, அப்புறம் ஹிஸ்டரியில், அதாவது முன்பு அடித்த கட்டளைகளில், தேட எஃப்இசட்எஃப் என்ற கருவி. வருடக்கணக்கில் சேர்த்தது. முழுக் கட்டளை என்ன என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல முடியும்.

இப்போது மாறியிருக்கும் ப்ராஜெக்டில் எல்லாமே கிளையண்டின் ஜம்ப் சர்வர் (உள்ளே இருக்கும் சர்வர்களுக்குப் போகும் நுழைவாயில்) வழியாகத்தான். ரெட் ஹேட், வெறும் பாஷ். எதையும் நிறுவ அனுமதி இல்லை. டீம் முழுக்க ஒரே அக்கவுண்டில் நுழைகிறோம், அதனால் பாஷ்ஆர்சியில் யாரும் சொந்த வரிகளைச் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அதுவும் நியாயம்தான். ராத்திரி கால் நடக்கும்போது திரையைப் பகிர்ந்துவிட்டு, அந்தப் பக்கம் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நீளமான ஒரு பாதையின் நடுவில் உள்ள ஓர் எழுத்தைத் திருத்த இடது அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வேலை தெரியாமல் இல்லை, கை மெதுவாக இருக்கிறது.

எங்கே போனாலும் கூடவே வரும் பழக்கங்கள் எவை என்றுதான் கேட்கிறேன். வீஐ மோட், அதாவது வீஐ எடிட்டரின் விசைகளால் கட்டளை வரியைத் திருத்தும் முறை, கற்றுக்கொள்ள இது நல்ல நேரமா? கூடவே இன்னொன்று: குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறவன் நான், தமிழ் விசைப்பலகைக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே மாறி மாறி அடிப்பவர்கள் டெர்மினலில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

(கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். பதிலிலும் அப்படியே எழுதினால் போனில் படிக்க எளிதாக இருக்கும்.)


கறுப்புத்திரை:

உங்களுக்குத் தேவையானது அந்த சர்வரில் ஏற்கெனவே இருக்கிறது, பெயர் ரீட்லைன். பாஷில் நீங்கள் அடிக்கும் வரியைத் திருத்த உதவும் நூலகம் அது. பிரையன் ஃபாக்ஸ் 1989இல் குனு திட்டத்துக்காக பாஷை வெளியிட்டார், அப்போதிருந்து ரீட்லைன் அதனோடு சேர்ந்தே வருகிறது, பல வருடங்களாக இரண்டையும் பராமரிப்பவர் செட் ரேமி. இதைச் சொல்லக் காரணம், இதன் விசைகள் இத்தனை காலத்தில் இடம் மாறவே இல்லை. ஒருமுறை கையில் ஏறினால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பிஎஸ்க்யூஎல், பிழை தேட உதவும் ஜிடிபி, பைத்தான் ப்ராம்ப்ட் என்று எல்லா இடத்திலும் வேலை செய்யும்.

முதலில் நகர்வது. கண்ட்ரோல் ஏ வரியின் தொடக்கம், கண்ட்ரோல் ஈ கடைசி. ஆல்ட் பி ஒரு சொல் பின்னால், ஆல்ட் எஃப் ஒரு சொல் முன்னால். ரெட் ஹேட்டில் நீங்கள் சொன்ன நீளமான பாதையின் நடுப்பகுதிக்கு ஆல்ட் பி நாலு தட்டு தட்டினால் போய்விடலாம், ஏனென்றால் அதன் கணக்கில் சாய்கோடும் புள்ளியும் சொல்லின் எல்லை.

அடுத்தது அழிப்பது, இங்கேதான் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். கண்ட்ரோல் டபிள்யூ கர்சருக்குப் பின்னால் உள்ள சொல்லை அழிக்கும், ஆனால் அதற்கு இடைவெளி மட்டும்தான் எல்லை, அதனால் முழுப் பாதையும் ஒரே தட்டில் போய்விடும். ஆல்ட் பேக்ஸ்பேஸ் அப்படி இல்லை, சாய்கோட்டில் நின்றுவிடும், கடைசி டைரக்டரியை மட்டும் மாற்ற அதுதான் சரி. கண்ட்ரோல் யூ கர்சரிலிருந்து தொடக்கம் வரை, கண்ட்ரோல் கே கர்சரிலிருந்து கடைசி வரை. இவை எல்லாமே அழித்ததை எடுத்து வைத்துக்கொள்ளும், கண்ட்ரோல் ஒய் அடித்தால் திரும்ப வந்துவிடும். இதன் அருமை எப்போது தெரியும் என்றால், நீளமான கட்டளையைப் பாதி அடித்துவிட்டு 'இந்தக் கோப்பு இங்கே இருக்கிறதா' என்று சந்தேகம் வரும்போது. கண்ட்ரோல் யூ, எல்எஸ் அடித்துப் பாருங்கள், பிறகு கண்ட்ரோல் ஒய், விட்ட இடத்தில் தொடரலாம்.

மூன்றாவது ஹிஸ்டரி. கண்ட்ரோல் ஆர் அடித்து நினைவில் இருக்கும் துண்டை அடியுங்கள், கட்டளையின் முதல் எழுத்தாக இருக்க வேண்டியதில்லை, நடுவில் வரும் போர்ட் எண்ணாகக்கூட இருக்கலாம். மறுபடி கண்ட்ரோல் ஆர் அடித்தால் இன்னும் பழையது. கிடைத்ததும் உடனே என்டர் தட்டாதீர்கள், கண்ட்ரோல் ஈ அடித்தால் வரி திருத்துவதற்கு வந்து நிற்கும், ஒருமுறை கண்ணால் படித்துவிட்டு ஓட்டுங்கள். வேண்டாம் என்றால் கண்ட்ரோல் ஜி. தாண்டிப் போய்விட்டால் முன்னால் வர கண்ட்ரோல் எஸ், ஆனால் பெரும்பாலான டெர்மினல்களில் அதை அடித்ததும் திரை உறைந்துபோகும். அது டெலிடைப் காலத்து ஏற்பாடு, 'கொஞ்சம் நிறுத்து, காகிதம் தாங்கவில்லை' என்று சொல்லும் குறி. கண்ட்ரோல் க்யூ அடித்தால் உயிர் வந்துவிடும். பதறி விண்டோவை மூடாதீர்கள். எஸ்டிடிஒய் மைனஸ் இக்ஸான் என்று கொடுத்துவிட்டால் அந்த செஷன் முடியும்வரை கண்ட்ரோல் எஸ் தேடலுக்குக் கிடைக்கும்.

ஆல்ட் புள்ளி. முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லை இங்கே கொண்டுவந்து வைக்கும், மறுபடி தட்டினால் அதற்கும் முந்தையது. எம்கேடிஐஆர் அடித்து டைரக்டரி உருவாக்கிவிட்டு, சிடி, இடைவெளி, ஆல்ட் புள்ளி. ஆச்சரியக்குறியும் டாலரும் சேர்த்து அடித்தாலும் இதே வேலை நடக்கும், ஆனால் அதில் என்ன வரப்போகிறது என்று ஓட்டும் முன்பு கண்ணில் படாது. ப்ரொடக்‌ஷனில் நான் ஆச்சரியக்குறி வகைகளைத் தொடுவதே இல்லை. தொட்டே ஆக வேண்டும் என்றால் ஷாப்ட் மைனஸ் எஸ் ஹிஸ்ட்வெரிஃபை போட்டுக்கொள்ளுங்கள், விரித்துக் காட்டிவிட்டு இன்னொரு என்டருக்குக் காத்திருக்கும்.

இன்னும் இரண்டே இரண்டு. கட்டளை மூன்று வரிக்கு நீண்டுவிட்டால் கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் ஈ, அது எடிட்டரில் திறக்கும். சேமித்து வெளியே வந்ததும் ஓடிவிடும், அதை மறக்காதீர்கள். மனம் மாறினால் விம்மில் முக்காற்புள்ளி போட்டு சிக்யூ அடித்து வெளியே வாருங்கள், ஓடாது. அப்புறம் ஹிஸ்டரியில் வரிசையாக இருக்கும் நாலு கட்டளைகளை மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் முதலாவதைத் தேடி எடுத்து என்டருக்குப் பதில் கண்ட்ரோல் ஓ அடியுங்கள், அதை ஓட்டிவிட்டு அடுத்ததைத் தானாக எடுத்துவைக்கும். பத்து வருடம் பாஷில் இருப்பவர்களுக்கே தெரியாத விசை இது.


நங்கநல்லூர்க்காரி:

மேலே சொன்ன அத்தனையும் சரி, ஆனால் எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்காதீர்கள், ஒன்றுகூட ஒட்டாது. நான் டீமில் புதிதாக வருபவர்களிடம் சொல்வது, முதலில் மூன்றே மூன்று: கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் ஆர், ஆல்ட் புள்ளி. அவை யோசிக்காமல் வரும்வரை அடுத்ததைத் தொட வேண்டாம். மானிட்டரின் ஓரத்தில் சின்ன காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், கை பழகியதும் கிழித்துவிட்டு அடுத்த மூன்று.

நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள், ஆனால் உங்கள் நிலையில், அதாவது பொது அக்கவுண்ட், ப்ரொடக்‌ஷன், பார்த்துக்கொண்டிருக்கும் கிளையண்ட் என்று இருக்கும்போது, பாதுகாப்பான பழக்கம்தான் முதலில் வர வேண்டும். சொந்த லேப்டாப்பில் கோப்பை அழிக்கும் ஆர்எம் என்பதை ஆர்எம் மைனஸ் ஐ என்று அலியாஸ் செய்து வைத்திருப்பவர்களை எனக்குக் கவலையோடு பார்க்கத் தோன்றும். ஒவ்வொரு முறையும் 'அழிக்கட்டுமா' என்று கேட்கும் என்ற நம்பிக்கை கைக்குள் போய்விடும், அதே கை கேள்வி கேட்காத ஒரு சர்வரில் போய் உட்காரும். ரெட் ஹேட்டில் ரூட் எனப்படும் நிர்வாகிப் பயனருக்கு அந்த அலியாஸ் இயல்பாகவே உண்டு, சாதாரணப் பயனருக்கு இல்லை, அதனால் ஒரே சர்வரிலேயே இரண்டு விதமாக நடக்கும்.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். நட்சத்திரக் குறி போட்டு எதையாவது அழிக்க வேண்டுமா, முதலில் அதே வரியை எல்எஸ் போட்டு ஓட்டுங்கள். பட்டியலைப் படியுங்கள். மேல் அம்புக்குறி, கண்ட்ரோல் ஏ, ஆல்ட் டி அடித்தால் எல்எஸ் மட்டும் போகும், அந்த இடத்தில் ஆர்எம் அடியுங்கள். கை பழகிவிட்டால் இரண்டு விநாடிதான் அதிகம், எந்தக் கோப்பு போகப்போகிறது என்பது கண்ணால் பார்த்ததாக இருக்கும். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் கிளையண்டுக்கும் அது நம்பிக்கை தரும்.

ஹிஸ்டரி விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. பொது அக்கவுண்ட் என்றால் நீங்கள் அடிப்பது எல்லோருடைய கண்ட்ரோல் ஆரிலும் வரும். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் அடிக்கவே கூடாது. 'முன்னால் ஓர் இடைவெளி விட்டு அடித்தால் ஹிஸ்டரியில் சேராது' என்று பலர் சொல்வார்கள். உபுண்டுவில் அது உண்மை, ஏனென்றால் அங்கே பயனருக்கு வரும் பாஷ்ஆர்சியிலேயே ஹிஸ்ட்கண்ட்ரோல் இக்னோர்போத் என்று இருக்கும். ரெட் ஹேட்டில் இயல்பாக இருப்பது இக்னோர்டூப்ஸ் மட்டும்தான், அடுத்தடுத்து வரும் ஒரே கட்டளையை ஒருமுறை வைத்துக்கொள்ளும், இடைவெளியைக் கண்டுகொள்ளாது. லேப்டாப்பில் கற்ற பழக்கத்தை நம்பி அங்கே அடித்தால் கடவுச்சொல் கோப்பில் உட்கார்ந்துவிடும்.

அலியாஸ் எல்லாவற்றையும் மறக்க வேண்டியதில்லை. பாஷ்ஆர்சியைத் தொடக் கூடாது என்றால் தொட வேண்டாம், ஆனால் செஷனுக்குள் நீங்கள் ஒட்டும் வரிகள் செஷனோடு போய்விடும். நாலைந்து வரிக்கு மேல் போகாத ஒரு துண்டை உங்கள் குறிப்பேட்டில் வைத்து, லாகின் ஆனதும் ஒட்டுங்கள்: மேலே சொன்ன இக்ஸான் வரி, ஹிஸ்ட்வெரிஃபை, இக்னோர்போத், எடிட்டர் எது என்பது. ஹிஸ்டரியையே அணைத்துவிடும் வரிகளை மட்டும் சேர்க்காதீர்கள், தணிக்கையில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். லீடிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

டெர்மினல் செஷனை சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸ் என்ற நிரல் இருக்கிறதா பாருங்கள். ரெட் ஹேட் 8இலிருந்து ஸ்கிரீன் என்ற பழைய நிரலுக்குப் பதில் அதைத்தான் தருகிறார்கள். மழையில் வீட்டு இன்டர்நெட் போனாலும், கேபில் ஏற லேப்டாப்பை மூடினாலும், அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வேலை நிற்காது. கண்ட்ரோல் பி, டி அடித்து வெளியே வரலாம், டீமக்ஸ் அட்டாச் என்று திரும்பலாம். பொது அக்கவுண்ட் என்பதால் செஷனுக்கு உங்கள் பெயரை வைத்துத் திறங்கள், இல்லாவிட்டால் இன்னொருவர் உங்கள் திரைக்குள் வந்து நிற்பார்.


எஸ்கேப்விசை:

வீஐ மோட் பற்றி யாரும் தொடவில்லையே. செட் மைனஸ் ஓ வீஐ அடியுங்கள் ப்ரோ, கட்டளை வரியே வீஐ ஆகிவிடும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலையில் வரி திருத்த இடம்பெற்றிருப்பது வீஐ முறை மட்டும்தான், ஈமேக்ஸ் முறை (கறுப்புத்திரை மேலே சொன்ன, பாஷில் இயல்பாக இருக்கும் விசைகள்) அதில் கிடையாது, அதனால் 'எங்கே போனாலும் கூடவே வருவது' என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான் என்பது என் கட்சி. வீஐ விசைகள் தெரிந்தால் லெஸ், மேன் பக்கம், ஜர்னல்சிடிஎல், கிட் லாக் எல்லாவற்றிலும் சாய்கோடு அடித்துத் தேடி, என் அடித்து அடுத்ததற்குப் போய், பெரிய ஜி அடித்துக் கடைசிக்குப் போகலாம். ஆயிரக்கணக்கான வரி லாக்கில் மவுஸ் சக்கரத்தை உருட்டுபவர்கள் இதைக் கட்டாயம் கற்க வேண்டும்.

எஸ்கேப் தூரமாக இருக்கிறதே என்பார்கள். பில் ஜாய் 1976 வாக்கில் வீஐ எழுதியது ஏடிஎம் 3ஏ என்ற டெர்மினலில். அதில் இன்று டேப் இருக்கும் இடத்தில்தான் எஸ்கேப் இருந்தது, ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்றைய கீபோர்டில் கண்ட்ரோலும் இடது சதுர அடைப்புக்குறியும் சேர்த்து அடித்தால் அதே எஸ்கேப், எந்த டெர்மினலிலும்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: விம்மை ஏற்கெனவே தினமும் பயன்படுத்துபவர் இல்லை என்றால், ராத்திரி காலுக்கு நடுவில் இதைத் தொடங்க வேண்டாம். கறுப்புத்திரை சொன்னதை முதலில் பிடியுங்கள். பொது அக்கவுண்டில் மோட் மாற்றிவிட்டு அதே டீமக்ஸை இன்னொருவரிடம் கொடுத்தால் அவர் திணறுவார் என்பதும் உண்மை.

அலியாஸ் பற்றி நங்கநல்லூர்க்காரி சொன்னதோடு முழுதாக உடன்பட முடியவில்லை. கேடு அலியாஸில் இல்லை, அது முழுக் கட்டளையை நம் கண்ணிலிருந்து மறைப்பதில்தான் இருக்கிறது. ஃபிஷ் ஷெல்லில் அப்ரிவியேஷன் என்று ஒன்று உண்டு, ஜிஎஸ் அடித்து இடைவெளி தட்டியதும் அதே இடத்தில் கிட் ஸ்டேட்டஸ் என்று விரிந்துவிடும். விரலுக்கும் வேலை குறைவு, முழுக் கட்டளையும் தினமும் கண்ணில் படுகிறது, ஹிஸ்டரியிலும் முழுசாகவே பதிவாகிறது. பாஷிலேயே இருக்க வேண்டும் என்றால் அலியாஸை அடித்துவிட்டு என்டருக்கு முன்னால் கண்ட்ரோல் ஆல்ட் ஈ தட்டுங்கள், விரிந்துவிடும். கொஞ்ச நாள் லேப்டாப்பில் இப்படி வேலை செய்தால் அலியாஸ் இல்லாத சர்வரிலும் முழுக் கட்டளை தானாக வரும்.


ஹையர்_பாஸ்:

தம்பி, நான் மயிலாப்பூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இரும்பு மெஷினில் கற்று, லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு, பிற்பாடு சிஸ்டம் அட்மின் ஆனவன். இங்கே எல்லோரும் கட்டளையைச் சொல்கிறார்கள், நான் விரலைச் சொல்கிறேன்.

ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று பக்கம் பக்கமாக அடித்தவர்களுக்கு எழுத்தில் பிரச்சினை இருக்காது. ஆனால் அந்தப் பாடத்தில் பைப் குறி இல்லை, சுருள் அடைப்புக்குறி இல்லை, டில்டா இல்லை, பின்சாய்கோடு இல்லை, ஏனென்றால் மெஷினிலேயே அவை கிடையாது. டெர்மினலில் பாதி வேலை அவைதான், அதிலும் பெரும்பகுதி வலது சுண்டுவிரல் தலையில் விழுகிறது. நல்ல வேகத்தில் ஆங்கிலம் அடிக்கும் பிள்ளைகள்கூட பைப் வரும்போது குனிந்து கீபோர்டைப் பார்ப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். தினமும் வேலை தொடங்கும் முன் கொஞ்ச நேரம், உங்கள் சொந்த ஹிஸ்டரியிலிருந்து பைப்பும் மேற்கோளும் நிறைந்த வரிகளை எடுத்து, ஒரு வெற்றுக் கோப்பில் பார்க்காமல் அடித்துப் பழகுங்கள். மெதுவாக, பிழை இல்லாமல். வேகம் பின்னாலேயே வரும், அதைத் துரத்த வேண்டாம்.

இரண்டாவது, கண்ட்ரோல் விசை. இவர்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் கண்ட்ரோல் வேண்டும், அது மூலையில் இருக்கிறது, இடது சுண்டுவிரலை மடக்கி மடக்கி மணிக்கட்டு வலி வந்தவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிவிடுங்கள். நீங்கள் கேட்ட 'எங்கே போனாலும் கூட வருவது' இதுதான், ஏனென்றால் இந்த மாற்றம் உங்கள் லேப்டாப்பில் நடக்கிறது, எந்த சர்வருக்குள் போனாலும் அங்கே போய்ச் சேர்வது கண்ட்ரோல்தான், அங்கே எதையும் தொட வேண்டியதே இல்லை. உபுண்டுவில் க்னோம் ட்வீக்ஸ் நிறுவி அதில் கீபோர்டு பகுதியில் மாற்றலாம், மேக்கில் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, விண்டோஸில் பவர்டாய்ஸ் உண்டு. அலுவலக லேப்டாப்பில் எதையுமே விடமாட்டார்கள் என்றால், க்யூஎம்கே ஃபர்ம்வேர் உள்ள கீபோர்டு ஒன்று வாங்கினால் மாற்றம் கீபோர்டுக்குள்ளேயே இருக்கும், எந்தக் கணினியில் செருகினாலும் அப்படியே வரும்.

எழுத்து ஒரு கையில் என்றால் கண்ட்ரோல் மறு கையில். கண்ட்ரோல் ஏ என்றால் வலது கண்ட்ரோல். ஷிஃப்டுக்கு இன்ஸ்டிட்யூட்டில் இதைத்தானே அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள், கண்ட்ரோலுக்கும் அதேதான்.

கீபோர்டு வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனால் பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். கடையிலேயே எடுத்துவைத்து, உட்கார்ந்து, மணிக்கட்டு நேராக இருக்கிறதா, பின்சாய்கோடும் என்டரும் கைக்குப் பழகிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். என்டரின் வடிவம் மாறினால் பைப் குறியின் இடம் மாறிவிடும்.


தொண்ணூற்றொன்பது:

தமிழ்க் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் நான் எழுதுகிறேன். தமிழ்99 பயன்படுத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவான தளக்கோலம், உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலு தட்டுதான், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். இன்னும் ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்கள் தயவுசெய்து மாறிப் பாருங்கள், நீளமாக எழுதும்போது வித்தியாசம் விரலில் தெரியும்.

டெர்மினலில் செய்ய வேண்டியது: தமிழைத் தனி கீபோர்டு லேஅவுட்டாகச் சேர்க்காமல், லினக்ஸின் மொழி உள்ளீட்டு நிரலான ஐபஸ் வழியாக எம்17என் தமிழ்99 என்ற உள்ளீட்டு முறையாகச் சேருங்கள். லேஅவுட்டையே மாற்றினால் சி இருந்த இடத்தில் தமிழ் எழுத்து வந்துவிடுவதால் கண்ட்ரோல் சி போன்றவை சில நிரல்களில் தடுமாறும். ஐபஸ் முறையில் அடியில் இருப்பது ஆங்கில லேஅவுட்டேதான்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைப்பவர் என்றால் மூன்று விஷயம். யூனிகோடில் 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, ஆனால் குறியீட்டுப் புள்ளிகள் 5, யூடிஎஃப்-8இல் 15 பைட். எண்ணிக் காட்டும் கட்டளையான டபிள்யூசி மைனஸ் எம் 5 என்றும் டபிள்யூசி மைனஸ் சி 15 என்றும் காட்டினால் குழம்ப வேண்டாம். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட், அதனால் தமிழில் 85 குறியீடுகளுக்குமேல் போக முடியாது, கட்டுரைத் தலைப்பை முழுசாகப் பெயராக வைப்பவர்கள் இதில் முட்டுவார்கள். அப்புறம் கிட் ஸ்டேட்டஸில் தமிழ்ப் பெயர்கள் பின்சாய்கோடும் எண்ணுமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். கிட் கான்ஃபிக்கில் கோர் புள்ளி கோட்பாத் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், தமிழ் தமிழாகவே தெரியும்.

விசைப்பலகையை மாற்றாமலே தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பைத் திறக்க எனக்குப் பிடித்த வழி, பெயரின் முன்னால் தேதியை எண்ணில் வைப்பது. எண்ணை அடித்து டேப் தட்டினால் மீதித் தமிழ் தானாக வரும். கிளையண்ட் சர்வரில் மட்டும் ஆங்கிலப் பெயர்தான், அங்கே லோக்கேல் (மொழி, எழுத்துக் குறியீடு பற்றிய அமைப்பு) எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லை.


ஓஎம்ஆர்_பயணி:

இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன எல்எஸ் முதலில், ஆர்எம் பிறகு என்பதை இன்றே டீமில் சொன்னேன். ஹையர்_பாஸ் சார், கேப்ஸ் லாக்கை மாற்றிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். ஜம்ப் சர்வர் ப்ரவுசருக்குள் திறக்கும் டெர்மினல், ஆல்ட் எஃப் அடித்தால் ப்ரவுசரின் மெனு திறக்கிறது, கண்ட்ரோல் டபிள்யூ அடித்தால் டேபே மூடிக்கொள்கிறது. என்ன செய்வது? அப்புறம், சில கன்டெய்னர்களுக்குள் (சர்வருக்குள் தனித்து ஓடும் சிறு சூழல்கள்) போனால் அம்புக்குறி அடித்ததும் கூரைக்குறியும் சதுர அடைப்புமாக ஏதோ விழுகிறது, ரீட்லைன் எதுவும் வேலை செய்வதில்லை.


கறுப்புத்திரை:

கன்டெய்னரை முதலில் சொல்கிறேன். உள்ளே இருப்பது பாஷ் இல்லை, டெபியன் லினக்ஸ் வகை இமேஜ் என்றால் பெரும்பாலும் டாஷ் என்ற சிறிய ஷெல், அது வரி திருத்தும் வசதி இல்லாமலே கட்டப்பட்டிருக்கும். பாஷ் என்று அடித்துப் பாருங்கள், இருந்தால் அதற்குள் போய்விடலாம். இல்லாவிட்டாலும் கண்ட்ரோல் யூ, கண்ட்ரோல் டபிள்யூ, கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் டி நாலும் வேலை செய்யும், ஏனென்றால் இவற்றைக் கவனிப்பது ஷெல் இல்லை, கெர்னலுக்குள் இருக்கும் டெர்மினல் பகுதி. எஸ்டிடிஒய் மைனஸ் ஏ அடித்தால் எந்த விசைக்கு என்ன வேலை என்று அதுவே பட்டியல் தரும்.

ப்ரவுசர் விஷயத்தில் ஆல்ட் எல்லாவற்றுக்கும் மாற்று எஸ்கேப்தான். ஆல்ட் எஃப் என்பதற்கு எஸ்கேப்பைத் தட்டிக் கையை எடுத்துவிட்டு எஃப் தட்டுங்கள், சேர்த்து அழுத்தக் கூடாது. ஆல்ட் புள்ளிக்கு எஸ்கேப், புள்ளி. ஆல்ட் பேக்ஸ்பேஸுக்கு எஸ்கேப், பேக்ஸ்பேஸ். இதெல்லாம் ஈமேக்ஸ் மோடில்தான், எஸ்கேப்விசையின் பேச்சைக் கேட்டு வீஐ மோடுக்குப் போயிருந்தால் எஸ்கேப்புக்கு அங்கே வேறு வேலை.

கண்ட்ரோல் டபிள்யூ, கண்ட்ரோல் டீ, கண்ட்ரோல் என் இவற்றில் டீ வேறு, டி வேறு என்பதைக் கவனியுங்கள்: புதிய டேப் திறக்கும் டீ, டேபை மூடும் டபிள்யூ, புதிய விண்டோ திறக்கும் என் மூன்றையும் க்ரோம் பக்கத்துக்கே தராது, டெர்மினல் எழுதியவர் என்ன செய்தாலும் பிடிக்க முடியாது. கண்ட்ரோல் ஆர் அப்படி இல்லை, ஒழுங்காக எழுதிய டெர்மினல் அதைப் பிடித்து ஷெல்லுக்குத் தந்துவிடும், ஒருமுறை வெற்று வரியில் சோதித்துப் பாருங்கள். கண்ட்ரோல் டபிள்யூவுக்கு எஸ்கேப், பேக்ஸ்பேஸ் போதும், முழுப் பாதையும் போக வேண்டுமென்றால் இரண்டு மூன்று முறை தட்ட வேண்டியிருக்கும். கண்ட்ரோல் என்னுக்கு கீழ் அம்புக்குறி. சாதாரண எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வர கிளையண்ட் அனுமதிப்பார்களா என்று லீடிடம் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் இரண்டு வழியும் திறந்திருக்கும், கேட்பவருக்கு மட்டும்தான் சொல்வார்கள்.